அலை அடங்குமா, பெருகுமா? நிலைப்புத்தன்மைச் சோதனைகளுக்கு ஒரு முதல் வழிகாட்டி

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாம்பழப் பருவம். கூழைச் சூடாக்கும் குழாய்க்கு அருகே சுவரில் ஒரு பதிவுக் கருவி இருந்தது. சுருளிலிருந்து தாள் மெல்ல இறங்க, பேனா முனை வெப்பநிலையைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். ஒழுங்காக ஓடும் நாளில் அந்தக் கோடு நூல் பிடித்தது போல் நேராக இருக்கும். அன்று அது தடித்துப் பட்டையாகத் தெரிந்தது. தாளின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான் அது பட்டை அல்ல, அலை என்பது புரிந்தது. ஒவ்வொரு முகடும் முந்தையதைவிட ஒரு மயிரிழை உயரம்.

பாய்லர் பொறுப்பில் இருந்த பெரியவர் நீராவிக் குழாயின் மீது சாக்குத் துணியைப் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “தம்பி, குழாய் மூச்சு வாங்குகிறது” என்றார். “வால்வு திறந்து மூடித் திறந்து மூடி வருகிறது அண்ணே” என்றேன். இரண்டும் ஒன்றுதான், அவர் சொன்னது இன்னும் சரியாக இருந்தது.

அன்றிரவு அந்தச் சுருள் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். விடை, “இந்த அமைப்பு அலையக் கூடாது” என்று வந்தது. ஆனால் அலைந்துகொண்டிருந்தது. கணக்கில் பிழை இல்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது. அந்த இடத்தைக் கடைசியில் காட்டுகிறேன். இப்போது மாலை நேரத்தில் பாலக்கோடு, ஊத்தங்கரை, பர்கூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களும் நிலைப்புத்தன்மையைச் சோதிக்கும் அட்டவணையைப் போடுவதில் பெரும்பாலும் தவறுவதில்லை. அட்டவணைக்கு முன்னால், சமன்பாட்டை எழுதும்போதுதான் தவறுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி அங்கே கூடுதலாக நிற்கும்.

தேவையானவை: கோடு போட்ட நோட்டு, பென்சில், இருபடிச் சமன்பாட்டுக்கு மூலம் காணத் தெரிந்திருப்பது, கலப்பெண் என்றால் என்ன என்ற அறிமுகம். கல்லூரிப் புத்தகங்களில் ‘எஸ்’ என்று வரும் மாறியை இங்கே ச என்றும், ‘கே’ என்று வரும் கெயினை (பெருக்கும் மடங்கை) க என்றும் எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வி என்ன என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தூளியின் கயிற்றை ஒருமுறை இழுத்து விட்டால், ஆடி ஆடித் தானே நின்றுவிடும். ஆனால் அது விலகிப் போகும் ஒவ்வொரு முறையும் அதே திசையில் கை கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் பெருகும். எதிர்த் திசையில் கை கொடுத்தால் சீக்கிரம் அடங்கும். கை ஒன்றுதான், பலமும் ஒன்றுதான். கொடுக்கும் நேரம்தான் வேறு. பின்னூட்டம் உள்ள, அதாவது விளைவை அளந்து அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும், எந்தக் கட்டுப்பாட்டு அமைப்பிலும் நடப்பது இதுவே. அடக்குவதற்காகக் கொடுத்த கை, தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஆட்டிவிடும் கையாகிவிடும்.

கணிதத்தில் இதைச் சொல்வது எளிது. அமைப்பின் நடத்தையைச் சொல்லும் சிறப்பியல்புச் சமன்பாட்டுக்கு (அதை எழுதும் விதம் அடுத்த படியில்) சில மூலங்கள் இருக்கும். ஒரு மூலம் −2 என்றால், அதற்குரிய கலக்கம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 13.5 சதவீதமாகச் சுருங்கும் (நேரத்தை நிமிடத்தில் அளந்தால்). மூலம் +2 என்றால் அதே ஒரு நிமிடத்தில் ஏழு மடங்குக்கு மேல் பெருகும். கலப்பெண் மூலங்கள் இணையாக வரும். அவற்றின் மெய்ப்பகுதி அடங்குவதையோ பெருகுவதையோ தீர்மானிக்கும், கற்பனைப் பகுதி அலையின் வேகத்தைத் தீர்மானிக்கும். எல்லா மூலங்களின் மெய்ப்பகுதியும் குறை எண்ணாக இருந்தால், அதாவது எல்லா மூலங்களும் கலப்பெண் தளத்தின் இடப்பாதியில் விழுந்தால், அமைப்பு நிலையானது. ஒன்றே ஒன்று வலப்பாதிக்குப் போனாலும் நிலையற்றது. மற்றவை எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் அந்த ஒன்றை அவை காப்பாற்றாது.

அப்படியானால் மூலங்களையே கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஐந்தாம் படியும் அதற்கு மேலும் உள்ள பொதுவான சமன்பாட்டுக்கு இருபடிச் சூத்திரம் போன்ற சூத்திரம் கிடையாது என்பதை ஆபெல் 1824இலேயே நிறுவிவிட்டார். இன்று கணினி எந்தச் சமன்பாட்டின் மூலங்களையும் நொடியில் கொடுத்துவிடும், உண்மைதான். ஆனால் கெழுக்களில் ஒன்று எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருந்தால், “க எதுவரை போகலாம்?” என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், கணினி ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கும், அட்டவணை ஒரே வரியில் எல்லையைச் சொல்லிவிடும். இதற்காகவே இதைக் கையால் போடக் கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

இரண்டாம் படி: சமன்பாட்டைக் குழாயிலிருந்து எழுதுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். நம் கூழ்க் குழாயை எடுத்துக்கொள்வோம். எண்களைக் கணக்கு எளிதாக வருமாறு திருத்தியிருக்கிறேன், நடந்தது மாறவில்லை.

நீராவி வால்வு திறந்தால் முதலில் குழாயின் உலோகச் சுவர் சூடாக வேண்டும்: அதற்கு 30 வினாடி நேரமாறிலி (மாற்றத்தில் ஏறத்தாழ 63 சதவீதம் முடிய ஆகும் நேரம்). பிறகு கூழ் சூடாக வேண்டும்: 1 நிமிடம். கூழின் சூட்டை, உறைக்குள் இருக்கும் வெப்பமானி உணர வேண்டும்: 20 வினாடி. மூன்று தாமதங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. நேரமாறிலி 1 நிமிடம் என்றால் பின்னத்தின் பகுதியில் (ச+1), அரை நிமிடம் என்றால் (ச+2), மூன்றில் ஒரு நிமிடம் என்றால் (ச+3). கட்டுப்படுத்தி, பிழையை (வேண்டிய வெப்பநிலைக்கும் அளந்ததற்கும் உள்ள வேறுபாட்டை) க மடங்காக்கி வால்வுக்கு அனுப்புகிறது. ஆக வளையம் முழுவதையும் ஒருமுறை சுற்றி வந்தால் கிடைப்பது:

க ÷ [(ச+1)(ச+2)(ச+3)]

இதனுடன் 1 கூட்டிச் சுழியத்துக்குச் சமப்படுத்தினால் சிறப்பியல்புச் சமன்பாடு:

ச³ + 6ச² + 11ச + 6 + க = 0

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, வளையம் மூடாத அமைப்பின் பகுதியை எடுத்து அதற்கே சோதனை போட்டுவிடுவது. தேர்வுத் தாள்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். (ச+1)(ச+2)(ச+3) எப்போதும் நிலையானதுதான். அதைச் சோதித்து “நிலையானது” என்று எழுதினால், கேட்காத கேள்விக்கு விடை எழுதியதாகும். க விடையில் வரவே இல்லை என்றால் ஐயப்படுங்கள்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது. தொகுதியில் (ச−1), பகுதியில் (ச−1) இருந்தால் அடித்துவிடக் கை பரபரக்கும். அடிக்காதீர்கள். பகுதியில் உள்ள (ச−1) என்பது இயந்திரத்துக்குள் எங்கோ தானாகப் பெருகும் ஒரு பாகம். தாளில் அடித்தாலும் இயந்திரத்தில் அது இருக்கிறது. வெளியே அளக்கும் கருவிக்குத் தெரியாமல் உள்ளே பெருகிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படி: கண்ணால் ஒரு சோதனை

கெழுக்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே குறியில் இருக்கிறதா? இடையில் ஏதாவது ஒரு படி விடுபட்டிருக்கிறதா? ஒரு குறி மாறினாலும், ஒரு உறுப்பு இல்லாவிட்டாலும் அமைப்பு நிலையானது அல்ல. அத்துடன் வேலை முடிந்தது.

ஆனால் எல்லாம் மிகையாக இருந்தால் நிலையானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒன்று, இரண்டு படிச் சமன்பாடுகளுக்கு மட்டும் அது போதும். மூன்றிலிருந்து போதாது. ச³ + ச² + 2ச + 8 என்பதைப் பாருங்கள். நான்கும் மிகை. ஆனால் இதைப் பிரித்தால் (ச+2)(ச²−ச+4). இரண்டாவது காரணியின் மூலங்களின் மெய்ப்பகுதி +0.5. பெருகும் அலை, நான்கு மிகை எண்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இந்த ஒரு எடுத்துக்காட்டை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ரௌத் அட்டவணை

நீராவி எந்திரங்களின் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் கவர்னர்கள் சில நேரம் தாமே ஆடத் தொடங்கியதுதான் இந்தக் கணிதத்துக்கு வித்து. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் அதைச் சமன்பாடாக எழுதி, மூன்றாம் படிச் சமன்பாடு வரை நிபந்தனை கண்டார். எந்தப் படிக்கும் பொருந்தும் விதி அவருக்குக் கிடைக்கவில்லை. 1877இல் அதைக் கண்டவர் எட்வர்ட் ரௌத். 1854ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ரௌத் முதலிடம், மேக்ஸ்வெல் இரண்டாமிடம். இது எதையும் அறியாமல் 1895இல் அடால்ஃப் ஹர்விட்ஸ், சூரிச்சில் தம்முடன் பணிபுரிந்த ஸ்டோடோலா என்ற விசையாழிப் பொறியாளர் கேட்ட கேள்விக்கு விடையாக, அதே நிபந்தனையை அணிக்கோவை வடிவில் எழுதினார். இரண்டு பெயரும் சேர்ந்து இன்று ரௌத்–ஹர்விட்ஸ் என்று வழங்குகிறது.

போடும் முறை இது. முதல் நிரையில் கெழுக்களை ஒன்று விட்டு ஒன்றாக எழுதுங்கள். விட்டவற்றை இரண்டாம் நிரையில். ச³ + ச² + 2ச + 8 என்பதற்கு:

ச³ : 1   2
ச² : 1   8
ச¹ : −6
ச⁰ : 8

மூன்றாம் நிரை வந்த விதம்: கீழ்நிரையின் முதல் எண்ணையும் மேல்நிரையின் அடுத்த எண்ணையும் பெருக்குங்கள் (1 × 2). அதிலிருந்து மேல்நிரையின் முதல் எண், கீழ்நிரையின் அடுத்த எண் இவற்றின் பெருக்கலைக் கழியுங்கள் (1 × 8). வந்ததைக் கீழ்நிரையின் முதல் எண்ணால் வகுங்கள். (2 − 8) ÷ 1 = −6. நிரை நீளமாக இருந்தால், முதல் நிரலை அசைக்காமல் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த நிரலை எடுத்து இதையே செய்யுங்கள். எண் இல்லாத இடம் சுழியம். ஒவ்வொரு நிரைக்கும் இடப்பக்கம் ச³, ச² என்று பெயர் எழுதத் தவறாதீர்கள். எந்த நிரையில் நிற்கிறோம் என்பது மறந்தால் பின்னால் வரும் சிறப்பு நிலைகளில் தடுமாறுவீர்கள்.

இப்போது முதல் நிரலை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: +1, +1, −6, +8. மிகையிலிருந்து குறைக்கு ஒருமுறை, குறையிலிருந்து மிகைக்கு ஒருமுறை: இரண்டு குறி மாற்றங்கள். வலப்பாதியில் இரண்டு மூலங்கள். மேலே காரணிப்படுத்திக் கண்டதும் அதுவே. குறை எண் ஒன்றுதானே என்று எண்ணி “ஒரு மூலம்” என்று எழுதுவது வழக்கமான தவறு. எண்ண வேண்டியது குறை எண்களை அல்ல, குறி மாறும் இடங்களை.

ஐந்தாம் படி: கெயினுக்கு எல்லை காணுங்கள்

இதுதான் சோதனையின் உயிர். கூழ்க் குழாய்க்குத் திரும்புவோம்.

ச³ : 1   11
ச² : 6   6+க
ச¹ : (60−க) ÷ 6
ச⁰ : 6+க

முதல் நிரல் முழுவதும் மிகையாக இருக்க க, −6க்கும் 60க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைப் பக்கம் நமக்குத் தேவைப்படாது. வால்வின் திசை தலைகீழாக இணைக்கப்பட்டால்தான் அங்கே போவோம். ஆக எல்லை 60.

இந்த எண் எதைச் சொல்கிறது? நிலைத்த நிலையில் வளையத்தின் பெருக்கம் க ÷ 6. அதாவது க = 60 என்றால் 1 டிகிரி பிழைக்கு, கூழை 10 டிகிரி சூடாக்கும் அளவுக்கு வால்வு திறக்கும். அதற்கு மேல் போனால் அலை. பொதுவாக, மூன்று எளிய தாமதங்கள் தொடராக இருந்தால் இந்த எல்லைக்கு அழகான ஒரு வடிவம் உண்டு: மூன்று நேரமாறிலிகளின் கூட்டுத்தொகையை, அவற்றின் தலைகீழ்களின் கூட்டுத்தொகையால் பெருக்கி 1 கழியுங்கள். நமக்கு (1 + ½ + ⅓) × (1 + 2 + 3) − 1 = 10. சரியாக இருக்கிறது.

இப்போது மூன்று தாமதங்களும் சமமாக இருந்தால் என்ன ஆகும்? 3 × 3 − 1 = 8. அதுவே மிகக் குறைந்த எல்லை. இதை முதன்முதலில் கண்டபோது நான் நோட்டை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று தாமதங்களும் ஒரே வேகத்தில் இருப்பதுதான் மோசம். ஒன்று மிக மெதுவாகவும் மற்ற இரண்டும் விரைவாகவும் இருந்தால் எல்லை மேலே போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அமைப்பை அடக்க விரும்பினால், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் விரைவாக்குவதைவிட, வெப்பமானி போன்ற, ஏற்கெனவே விரைவான ஒன்றை இன்னும் நன்றாக விரைவாக்குவது பலன் தரும். தொழிற்சாலையில் பணம் செலவழிக்கும் முன் இந்த ஒரு வரி போதும்.

அடுத்து, எல்லைக்குச் சரியாக க = 60 வைத்தால் ச¹ நிரை சுழியமாகிறது. அதற்கு மேல் உள்ள ச² நிரையைச் சமன்பாடாக எழுதுங்கள்: 6ச² + 66 = 0. ச² = −11. மூலங்கள் கற்பனை அச்சில் ±3.317. அதாவது அலை நிமிடத்துக்கு 3.317 ரேடியன், ஒரு முழு அலைக்கு 1 நிமிடம் 54 வினாடி. அட்டவணை, “அலையும்” என்பதோடு நில்லாமல், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அலையும் என்பதையும் சொல்கிறது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. நீங்கள் பயன்படுத்துங்கள். ஜீக்லர்–நிக்கோல்ஸ் 1942இல் தந்த, கெயினைத் தேர்ந்தெடுக்கும் ட்யூனிங் விதி, இந்த இரண்டு எண்களை மட்டுமே கேட்கிறது: எல்லைக் கெயின், எல்லை அலையின் நேரம். வெறும் விகிதக் கட்டுப்பாட்டுக்கு (பிழையை க மடங்காக்குவது மட்டும்) எல்லையில் பாதி, அதாவது க = 30.

க = 30 வைத்தால் வளையப் பெருக்கம் 5; வெளியிலிருந்து வரும் கலக்கத்தில் ஆறில் ஒரு பங்கு பிழையாக எஞ்சும். அதையும் துடைக்க, பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் தொகையீட்டு நடவடிக்கையைச் சேர்ப்பார்கள். அதன் கெயினை த என்று வைத்தால் சமன்பாடு நான்காம் படியாகிறது: ச⁴ + 6ச³ + 11ச² + 36ச + த = 0.

ச⁴ : 1   11   த
ச³ : 6   36
ச² : 5   த
ச¹ : 36 − 1.2த
ச⁰ : த

எல்லை: 0 < த < 30. க-வை 60 நோக்கி ஏற்ற ஏற்ற த-வுக்கு இடமே இல்லாமல் போகும் என்பதையும் நீங்களே போட்டுப் பாருங்கள். 40க்கும் 50க்கும் அட்டவணை போட்டால் கை பழகிவிடும்.

ஆறாம் படி: அட்டவணை சிக்கிக்கொண்டால்

இரண்டு இடங்களில் சிக்கும். முதல் நிரலில் மட்டும் சுழியம் வந்து, அதே நிரையில் வேறு எண் இருப்பது ஒன்று. ச⁴ + ச³ + 2ச² + 2ச + 3 போட்டுப் பாருங்கள்: ச² நிரை 0, 3 என்று வரும். அடுத்து சுழியத்தால் வகுக்க வேண்டும், முடியாது. சுழியத்துக்குப் பதில் மிகச் சிறிய மிகை எண் ஒன்றைத் துளி என்று வைத்துத் தொடரச் சொல்வார்கள். அதைவிட எனக்குப் பிடித்த வழி, கெழுக்களைத் தலைகீழாக எழுதுவது: 3, 2, 2, 1, 1. மூலங்கள் தலைகீழ் எண்களாக மாறுமே தவிரப் பாதி மாறாது. அட்டவணையின் முதல் நிரல் 3, 2, 0.5, −3, 1 என்று தடையின்றி வந்துவிடுகிறது. இரண்டு குறி மாற்றங்கள், வலப்பாதியில் இரண்டு மூலங்கள்.

இன்னொன்று, நிரை முழுவதும் சுழியமாவது. க = 60இல் கண்டது அதுவே. மேல்நிரையைத் துணைச் சமன்பாடாக எழுதி, அதை வகையிட்டு வரும் கெழுக்களை அந்த இடத்தில் வையுங்கள். 6ச² + 66 வகையிட்டால் 12ச, ஆகவே 12. பிறகு வழக்கம் போல் தொடரலாம்.

ஹர்விட்ஸின் அணிக்கோவைகளைத் தேர்வுக்காகத் தெரிந்துகொள்ளுங்கள்; மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்: நடு இரண்டு கெழுக்களின் பெருக்கல், ஓர இரண்டின் பெருக்கலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நமக்கு 6 × 11 > 6 + க. ஒரே வரியில் க < 60. கைக்கணக்குக்கு இதைவிடச் சுருக்கம் இல்லை.

ஏழாம் படி: அடங்கினால் போதுமா, எவ்வளவு நேரத்தில்?

க = 59 நிலையானதுதான். ஆனால் அலை அடங்குவதற்குள் ஒரு தொட்டிக் கூழ் வீணாகும். ஆகவே “எல்லா மூலங்களும் −0.5க்கு இடப்பக்கம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். அதற்குப் புதுச் சோதனை வேண்டாம். ச இருக்கும் இடத்தில் (ட − 0.5) போட்டு, ட-வுக்கு அதே அட்டவணை:

(ட+0.5)(ட+1.5)(ட+2.5) + க = ட³ + 4.5ட² + 5.75ட + 1.875 + க

4.5 × 5.75 = 25.875. அது 1.875 + க-வைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். க < 24. ஆக 24க்குக் கீழே வைத்தால், எந்தக் கலக்கமும் ஒவ்வொரு 6 நிமிடத்திலும் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகிவிடும். நடைமுறையில் நான் முதலில் கேட்பது 60ஐ அல்ல, இந்த 24ஐத்தான்.

கட்டுப்படுத்தி கணினி நிரலாக இருந்து, குறித்த இடைவெளியில் மட்டும் அளந்து வால்வை அசைத்தால் எல்லைக்கோடு மாறும்: இடப்பாதிக்குப் பதில், ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் மூலங்கள் இருக்க வேண்டும். அதற்கு ஜூரியின் சோதனை உண்டு. இரண்டாம் படிச் சமன்பாடு ட² + அட + ஆ என்பதற்கு அது மிக எளிது: ஆ-வின் அளவு 1க்குக் குறைவு, அ-வின் அளவு 1 + ஆ-வுக்குக் குறைவு. இப்போதைக்கு இது போதும்.

எட்டாம் படி: அட்டவணைக்குள் அடங்காத தாமதம்

இனி அந்த இரவுக்கு வருகிறேன். க = 30 வைத்திருந்தோம். முதலில் தொகையீட்டு நடவடிக்கையின் மீதுதான் ஐயம் போனது. அதை முழுவதும் நிறுத்தினோம். அலை நிற்கவில்லை. அட்டவணையோ 60 வரை போகலாம் என்றது. யாரோ குமிழைத் திருகிவிட்டார்கள், உண்மையான கெயின் 60ஐத் தாண்டிவிட்டது என்று மேலாளர் நினைத்தார். அப்படியானால் அலை 1 நிமிடம் 54 வினாடிக்கு ஒருமுறை வர வேண்டும். பெரியவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் தாளில் முகடுகளை எண்ணினேன். பத்து அலைக்கு ஏறத்தாழ 27 நிமிடம். ஒரு அலைக்கு 2 நிமிடம் 40 வினாடிக்கு மேல்.

கெயின் கூடினால் அலை இவ்வளவு மெதுவாகாது. அலை எதிர்பார்த்ததைவிட மெதுவாக இருக்கிறது என்றால், வளையத்துக்குள் நான் எழுதாத தாமதம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

“அண்ணே, இந்தப் பருவம் தொடங்கும் முன் இங்கே எதையாவது மாற்றினார்களா?”

“வெல்டிங் விட்டுப்போன துண்டை வெட்டி மாற்றினார்கள். வெப்பமானிக்கு அங்கே இடம் இல்லை என்று அந்த வளைவுக்கு அப்பால் வைத்தார்கள்.”

நாடா கொண்டு அளந்தோம்: பழைய இடத்திலிருந்து 6 மீட்டர். கூழ் வினாடிக்கு அரை மீட்டர் நகரும். ஆக, கூழ் சூடானதும் வெப்பமானிக்கு அது 12 வினாடி கழித்துத்தான் தெரியவரும். நேரமாறிலி போல் மெல்ல மெல்லத் தெரிவதும் அல்ல. 12 வினாடிக்கு ஒன்றுமே தெரியாது, பிறகு அப்படியே தெரியும். இதைத் தொழிலில் டெட் டைம் என்பார்கள். இது பல்லுறுப்புக் கோவையாக எழுத வராது. ஆகவே ரௌத் அட்டவணைக்குள் நேரடியாக நுழையாது. தோராயமான கோவையாக மாற்றி நுழைக்கலாம், அதற்குப் பாடே தோராயம் என்று பெயர். நேர் வழி, 1932இல் ஹாரி நைக்விஸ்ட் தொலைபேசிப் பெருக்கிகளுக்காகக் கண்ட சோதனை: வளையத்தின் ஊடே வெவ்வேறு வேகத்தில் அலைகளை அனுப்பி, ஒவ்வொன்றும் எவ்வளவு பெருகி, எவ்வளவு கோணம் பிந்தித் திரும்புகிறது என்று பார்ப்பது.

நம் கணக்கில் அதைச் செய்வது இப்படி. க = 30க்கு, எந்த வேகத்து அலை தன் அளவு மாறாமல் திரும்புகிறது? அந்த வேகத்தை வ என்று வைத்தால் (வ²+1)(வ²+4)(வ²+9) = 30² = 900 என்பதைத் தீர்க்க வேண்டும். வ² = 5 போட்டால் 756; 5.5 போட்டால் 895, 5.516 போட்டால் 900. வ = 2.349 ரேடியன். அந்த வேகத்தில் மூன்று தாமதங்களும் முறையே 66.9, 49.6, 38.1 டிகிரி பிந்த வைக்கின்றன. மொத்தம் 154.6. தூளிக்குத் தப்பான நேரத்தில் கை கொடுப்பது 180இல். இன்னும் 25.4 டிகிரி மிச்சம். அதுவே கட்ட விளிம்பு. ரேடியனில் 0.443. அதை 2.349ஆல் வகுத்தால் 0.189 நிமிடம். வினாடியில் 11.3.

கணக்கு தாங்குவது 11.3 வினாடி. குழாயில் இருந்தது 12. ஒரு வினாடிக்கும் குறைவான மிகுதிதான் அலையை மயிரிழை மயிரிழையாக உயர்த்திக்கொண்டிருந்தது. 2.349 ரேடியனுக்கு ஒரு அலை எவ்வளவு நேரம் என்று பாருங்கள்: 2 நிமிடம் 40 வினாடி. தாளில் எண்ணியது அதற்குச் சற்றே மேல்.

ஆகவே, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைச் சோதிக்கப் போகிறவர்கள் அட்டவணைக்கு முன் நாடாவையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமானி எங்கே இருக்கிறது, நீர்மம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, வால்வுக்கு ஆணை போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று எழுதுங்கள். அலை இருந்தால் அதன் நேரத்தை அளந்து, அட்டவணை சொல்லும் எல்லை அலையின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் கெயினைக் குறையுங்கள். அளந்தது நீண்டிருந்தால் குழாயோடு நடந்து பாருங்கள்.

அன்று விடியும் முன் க-வை 15ஆகக் குறைத்து ஓட்டினோம், கோடு மெலிந்தது. பிழை கூடியதால் மேற்பார்வைக்கு ஒருவர் கூடவே நிற்க வேண்டியிருந்தது. வார இறுதியில் இயந்திரம் நின்றபோது, வளைவுக்கு இந்தப் பக்கமே துளையிட்டு வெப்பமானியைப் பழைய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். க-வை மீண்டும் 30க்கு ஏற்றினேன். பெரியவர் சாக்குத் துணியைப் போட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பாய்லரைப் பார்க்கப் போய்விட்டார்.